நுண்செயலி மின்மேலாண்மையில் பொதுநிரல்: சிங்கப்பூரை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் களம்

கணினியின் நுண்செயலி, அதாவது பிராசஸர், எவ்வளவு மின்சாரம் உண்ண வேண்டும் என்பதை நொடிக்கு நொடி கட்டுப்படுத்தும் பொறுப்பு, இயங்குதளத்தின் அடித்தளமாகிய கெர்னலைச் சார்ந்தது. ஒவ்வொரு வகை வன்பொருளுக்கும் ஏற்ப அந்தப் பொறுப்பை நிறைவேற்றும் சிறு நிரல்களே இயக்கிகள் அல்லது டிரைவர்கள் எனப்படுகின்றன. ஒவ்வொரு நிறுவனமும் தன் நுண்செயலிக்கான இயக்கியை முழுமையாகத் தானே எழுதிக்கொள்ள வேண்டுமா, அல்லது எல்லா இயக்கிகளிலும் ஒத்திருக்கும் பகுதிகளைப் பிரித்தெடுத்துப் பொதுநிரலாக ஓரிடத்தில் வைக்க வேண்டுமா என்னும் கேள்வி, லினக்ஸ் கெர்னலின் வரலாற்றில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக எழுந்துகொண்டே இருக்கிறது. அதற்கு இதுவரை கிடைத்துள்ள விடைகளைத் தொகுத்து மதிப்பிடுவதும், அவை சிங்கப்பூர் போன்ற ஒரு நகரத்துக்கு எவ்வகையில் பொருட்படுத்தத்தக்கவை என்று காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

சிங்கப்பூரைக் களமாகக் கொள்வதற்குத் தக்க காரணங்கள் உண்டு. அந்நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து கிடைக்கிறது. 2020-இல் மொத்த மின்பயன்பாட்டில் சுமார் 7 விழுக்காடு தரவு நிலையங்களுக்குச் சென்றது. 2019-இல் புதிய தரவு நிலையங்களுக்கான அனுமதியை நிறுத்திவைத்த அரசாங்கம், 2022-இல்தான் கட்டுப்பாடுகளுடன் மீண்டும் வாயிலைத் திறந்தது. 2024 மே மாதம் வெளியான பசுமைத் தரவு நிலையத் திட்டவரைவின்படி, 1,400 மெகாவாட்டுக்கும் கூடுதலான கொள்ளளவுடன் எழுபதுக்கும் மேற்பட்ட தரவு நிலையங்கள் அப்போது இயங்கின. குறுகிய காலத்தில் குறைந்தது 300 மெகாவாட் கூடுதல் கொள்ளளவுக்கு வழிவகுக்க வேண்டும் என்பது அத்திட்டத்தின் இலக்கு. ஒரு டன் கரிம வெளியேற்றத்துக்கு 2023 வரை 5 வெள்ளியாக இருந்த கரிம வரி, 2024-இல் 25 வெள்ளியாகவும் 2026-இல் 45 வெள்ளியாகவும் நிர்ணயிக்கப்பட்டது. நிலமும் மின்சாரமும் இவ்வளவு இறுக்கமாக அளந்து வழங்கப்படும் ஒரு நகரத்தில், வேலையின்றி இருக்கும் ஒரு நுண்செயலி எவ்வளவு ஆழமாக ஓய்வெடுக்கிறது என்பது பொறியாளரின் தனிக் கவலையாக மட்டும் இருக்க முடியாது.

அதே நகரத்தில் புழங்கும் நுண்செயலிகளின் வகைகளும் பல. 2010-இல் தொடங்கப்பட்ட அமேசானின் சிங்கப்பூர் மண்டலத்தில் இன்டெல், ஏஎம்டி நுண்செயலிகளோடு, அந்நிறுவனமே ஆர்ம் கட்டமைப்பில் வடிவமைத்த கிராவிட்டான் நுண்செயலிகளும் உள்ளன. தேசிய உயர்செயல்திறன் கணினி நிலையத்தின் ஆஸ்பயர் 2ஏ மீக்கணினி ஏஎம்டி நுண்செயலிகளைக் கொண்டது. சிராங்கூன் சாலையிலும் சையத் ஆல்வி சாலையிலும் விற்பனையாகும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்குள் குவால்காம், மீடியாடெக், சாம்சங் நிறுவனங்களின் சில்லுகள் இருக்கின்றன. லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஜாலான் புசாரில், மின்னணு உதிரிபாகக் கடைகளுக்குப் பெயர்பெற்ற சிம் லிம் டவரைச் சுற்றி மாணவர்கள் தேடிவரும் சிறு கணினிப் பலகைகளின் உலகம் வேறொன்று. இவை பெரும்பாலும் லினக்ஸ் கெர்னலையே பயன்படுத்துகின்றன என்பதால், ஒரே பொதுநிரலில் செய்யப்படும் ஒரு திருத்தம் இவை அனைத்தையும் சென்றடையும் வாய்ப்பு உண்டு.

2. மின்மேலாண்மையின் இரு வழிகள்

நுண்செயலியின் மின்நுகர்வைக் குறைக்க இரண்டு முதன்மை வழிகள் உள்ளன. முதலாவது, வேலை நடக்கும்போதே அதன் வேகத்தைத் தேவைக்கு ஏற்ப மாற்றுவது. சில்லுக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்கள் நிலைமாறும்போது செலவாகும் திறன், அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் அமைகிறது. ஆகவே அதிர்வெண்ணைக் குறைத்து, அதனால் இயலக்கூடிய அளவுக்கு மின்னழுத்தத்தையும் குறைத்தால், சேமிப்பு வேகக் குறைவைக் காட்டிலும் பெரிதாகக் கிடைக்கிறது. லினக்ஸில் இதைக் கவனிக்கும் கட்டமைப்பு சிபியுஃப்ரீக் என்று பெயர் பெற்றது.

இரண்டாவது வழி, வேலையில்லாத நேரத்தில் நுண்செயலியின் பகுதிகளை அணைப்பது. ஒரு நுண்செயலிக்குள் தனித்து இயங்கக்கூடிய கணக்கீட்டு அலகு கோர் எனப்படும். அந்தக் கோருக்கு அடுத்த வேலை வரும்வரை கடிகாரத் துடிப்பை மட்டும் நிறுத்துவது மேலோட்டமான ஓய்வு. மின்னழுத்தத்தைத் துண்டித்து, உள்ளிருக்கும் தற்காலிக நினைவகத்தையும் காலி செய்வது ஆழ்ந்த ஓய்வு. ஓய்வு ஆழமாக ஆக, சேமிப்பும் கூடுகிறது. ஆனால் விழித்தெழ ஆகும் நேரமும், இறங்கி ஏறுவதற்கே செலவாகும் ஆற்றலும் கூடுகின்றன. எனவே ஒவ்வோர் ஓய்வு நிலைக்கும் விழித்தெழும் தாமதம் என்றும், அந்நிலையில் குறைந்தது எவ்வளவு நேரம் தங்கினால்தான் சேமிப்பு மிஞ்சும் என்றும் இரண்டு எண்கள் வரையறுக்கப்படுகின்றன. 2008 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 2.6.24 பதிப்பில் சேர்ந்த சிபியுஐடில் கட்டமைப்பு இப்பணிக்கு உரியது. இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றிய வெங்கடேஷ் பள்ளிபாடி அதை உருவாக்கியவர்களுள் ஒருவர்.

இவ்விரு கட்டமைப்புகளுமே முடிவெடுக்கும் பகுதியையும் முடிவை நிறைவேற்றும் பகுதியையும் பிரித்து வைத்தன. எந்த வேகம் வேண்டும், எந்த ஓய்வு நிலை வேண்டும் என்று தீர்மானிப்பது கவர்னர் எனப்படும் பகுதி. அந்தத் தீர்மானத்தை வன்பொருளில் செயற்படுத்துவது இயக்கி. கவர்னர் எல்லாருக்கும் பொது, இயக்கி அவரவர்க்குத் தனி என்பதே முதற்கட்டப் பகிர்வு. இயக்கிக்குள்ளேயும் பெரும்பகுதி பொதுவானதுதான் என்பது பின்னரே தெரியவந்தது.

3. படியெடுத்தலின் காலம்

2000-களின் பிற்பாதியில் ஆர்ம் கட்டமைப்பைச் சார்ந்த சில்லுகள் பெருகியபோது, ஒவ்வொரு நிறுவனமும் தன் சில்லுக்கான நிரலைக் கெர்னலுக்குள் தனக்கென ஒதுக்கப்பட்ட அடைவில் வைத்துக்கொண்டது. புதிய சில்லுக்கு இயக்கி எழுத வேண்டிய பொறியாளர், அருகிலிருந்த இன்னொரு சில்லின் இயக்கியைப் படியெடுத்து, எண்களையும் பெயர்களையும் மாற்றி முடித்துக்கொள்வது வழக்கமாயிற்று. காலக்கெடு நெருக்கிய சூழலில் அது இயல்பான வழிதான். ஆனால் மூலத்தில் இருந்த பிழையும் படியோடு சேர்ந்து பரவியது, மூலத்தில் அது திருத்தப்பட்டபோது படிகள் பழையபடியே கிடந்தன.

படியெடுத்தல் தனித்தனி நிறுவனங்களின் இயக்கிகளோடு நிற்கவில்லை. பொதுவானவை என்று கருதப்பட்ட கவர்னர்களிலும் அது நிகழ்ந்தது. 2004-இல் வந்த ஆன்டிமாண்ட் கவர்னர், சுமை கூடியவுடன் உச்ச வேகத்துக்குத் தாவும் இயல்புடையது. அதை அடியொற்றிப் பின்னர் எழுதப்பட்ட கன்சர்வேட்டிவ் கவர்னர், படிப்படியாக ஏறி இறங்குவது. சுமையை அளக்கும் முறை இரண்டிலும் ஒன்றாக இருந்தும், அந்த நிரல் இரு கோப்புகளில் இரு முறை வாழ்ந்தது. 2012-இல் விரேஷ் குமார் அந்தப் பொதுப்பகுதியைப் பிரித்து ஒரே கோப்பில் வைத்தார். லினாரோ நிறுவனத்தில் பணியாற்றிய அந்த இந்தியப் பொறியாளர் பின்னர் சிபியுஃப்ரீக் பராமரிப்பாளர்களுள் ஒருவராகவும் விளங்கினார்.

2011 மார்ச்சில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், ஆர்ம் நிரல்களின் பெருக்கத்தையும் ஒழுங்கின்மையையும் வெளிப்படையாகக் கண்டித்தது திருப்புமுனையாக அமைந்தது. அதற்கு முந்தைய ஆண்டே ஆர்ம், ஐபிஎம், சாம்சங், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் முதலிய நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கியிருந்த லினாரோ, இந்த ஒழுங்குபடுத்தலில் பெரும்பங்கு ஏற்றது. நிறுவனவாரியான அடைவுகளில் சிதறிக்கிடந்த மின்மேலாண்மை இயக்கிகள், அவற்றின் பணிக்கு உரிய பொது அடைவுகளுக்கு நகர்த்தப்பட்டன. இடமாற்றம் மட்டுமே நிகழ்ந்தபோதும் அதன் பயன் பெரிது. அருகருகே வைக்கப்பட்ட பின்னரே, பத்து இயக்கிகள் ஒரே செயலைப் பத்து முறை எழுதியிருப்பது பராமரிப்பாளர்களின் கண்ணுக்குப் புலனாயிற்று.

4. அதிர்வெண் இயக்கிகள்: வேறுபாட்டைத் தரவாக்குதல்

அதிர்வெண்ணை மாற்றும் இயக்கியின் மையச் செயல் எளிதாகச் சொல்லக்கூடியது. வேகத்தை உயர்த்தும்போது முதலில் மின்னழுத்தத்தை உயர்த்திப் பிறகு அதிர்வெண்ணை உயர்த்த வேண்டும்; குறைக்கும்போது முதலில் அதிர்வெண்ணைக் குறைத்துப் பிறகு மின்னழுத்தத்தைக் குறைக்க வேண்டும். வரிசை பிறழ்ந்தால், போதிய மின்னழுத்தமின்றி உயர்வேகத்தில் ஓடும் நுண்செயலி தவறான கணக்கைத் தரும் அல்லது நின்றுவிடும். இந்த வரிசை எல்லாச் சில்லுக்கும் ஒன்றே. பெரும்பாலான சில்லுகளில் வேறுபடுவது, எந்த அதிர்வெண்ணுக்கு எந்த மின்னழுத்தம் என்னும் அட்டவணை மட்டுமே.

இந்தத் தெளிவு மூன்று படிகளில் நிரலாயிற்று. 2010-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பொறியாளர்களின் முயற்சியால், அதிர்வெண்–மின்னழுத்த இணைகளைச் சேமித்து வழங்கும் ஓபிபி நூலகம் உருவானது. ஏறத்தாழ அதே காலத்தில், பலகையின் வன்பொருள் விவரங்களை நிரலுக்குள் எழுதாமல் டிவைஸ் ட்ரீ எனப்படும் தனித் தரவுக்கோப்பில் வைக்கும் முறை ஆர்ம் உலகில் பரவத் தொடங்கியது. 2012-இல் எழுதப்பட்டு 2014-இல் சிபியுஃப்ரீக்-டிடி எனப் பெயர் மாறிய பொது இயக்கி, அட்டவணையை அந்தத் தரவுக்கோப்பிலிருந்து படித்து, கடிகாரத்தையும் மின்னழுத்தச் சீராக்கியையும் உரிய வரிசையில் மாற்றும் வேலையைப் பல சில்லுகளுக்கும் பொதுவாக ஏற்றுக்கொண்டது. 2016-இல் அந்த வரிசைமுறையே ஓபிபி நூலகத்துக்குள் சென்றது. பொது இயக்கி வந்ததன் விளைவாகச் சாம்சங் எக்ஸினோஸ் குடும்பத்தின் தனி இயக்கிகள் பல நீக்கப்பட்டு, அவற்றின் இடத்தைப் பொது இயக்கியும் சில தரவு வரிகளும் பெற்றன.

ராஸ்பெரி பை என்னும் சிறு கணினிப் பலகை இதற்கு நல்ல சான்று. 2019-இல் சேர்ந்த அதன் அதிர்வெண் இயக்கி மிகச் சிறியது. ஃபர்ம்வேரிடமிருந்து, அதாவது வன்பொருளோடு வரும் நிலையான உள்நிரலிடமிருந்து, குறைந்தபட்ச, அதிகபட்ச அதிர்வெண்களைக் கேட்டறிந்து, அவற்றுக்கிடையே 100 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் அட்டவணையை நிரப்பி, மற்ற அனைத்தையும் பொது இயக்கியிடம் ஒப்படைத்துவிடுகிறது. தன் சில்லைப் பற்றித் தான் மட்டுமே அறிந்ததைச் சொல்லிவிட்டு விலகிக்கொள்வதே இங்கு இயக்கியின் வேலை.

5. ஓய்வு இயக்கிகள்: பொதுச் சடங்கிலிருந்து பொது இயக்கி வரை

ஓய்வு நிலைக்குள் நுழைவதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டிய செயல்கள் பல. வெளியிலிருந்து வரும் அழைப்பாகிய குறுக்கீடுகளை உரிய தருணத்தில் தடுத்துப் பின் திறக்க வேண்டும். நுழைந்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் குறித்து, எவ்வளவு நேரம் தங்கியது என்று கவர்னருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆழ்ந்த ஓய்வில் அந்தக் கோரின் சொந்த நேரங்காட்டியும் நின்றுவிடுமாயின், அதை எழுப்பும் பொறுப்பை விழித்திருக்கும் வேறொரு நேரங்காட்டியிடம் மாற்ற வேண்டும். தொடக்கத்தில் ஒவ்வோர் இயக்கியும் இவற்றைத் தனித்தனியே எழுதியது. ஒன்று நேரத்தைக் குறுக்கீடு திறந்தபின் குறித்தது, இன்னொன்று அதற்கு முன்பே குறித்தது. அதனால் ஒரே கவர்னருக்கு வெவ்வேறு பொருளுடைய எண்கள் சென்று சேர்ந்தன.

2012-இல் வெளியான 3.4 பதிப்பில் நேரக் கணக்கும் குறுக்கீடு திறத்தலும் பொது மையத்துக்கு மாற்றப்பட்டன. அம்மாற்றம் நிகழ்ந்த முறை பாராட்டுக்குரியது. எல்லா இயக்கிகளையும் ஒரே நாளில் மாற்றாமல், விரும்பும் இயக்கி மட்டும் பொதுமுறையைத் தேர்ந்துகொள்ள ஒரு குறியீடு வைக்கப்பட்டது. ஒவ்வொன்றாக அனைத்தும் மாறிய பிறகு, அந்தக் குறியீடு தேவையற்றதாகி 2013-இல் நீக்கப்பட்டது. அதே காலத்தில் டேனியல் லெஸ்கானோ, நேரங்காட்டியை மாற்றும் பணியையும், இயக்கியைப் பதிவுசெய்யும் நீண்ட நிரலையும் பொது மையத்துக்குக் கொண்டுவந்தார். இரு கோர்கள் சேர்ந்து முடிவெடுத்தால்தான் மின்னழுத்தத்தைத் துண்டிக்க முடியும் என்ற நிலையிலிருந்த சில்லுகளுக்காக, 2012-இலேயே காலின் கிராஸ் எழுதிய இணைநிலை நிரலும் பொதுவாக்கப்பட்டது. அத்தகைய ஒருங்கிணைப்பில் நேரும் தவறுகள் அபூர்வமாகவும் கண்டறிய அரிதாகவும் இருப்பதால், அதை ஒவ்வொரு நிறுவனமும் புதிதாக எழுதாமல் இருப்பதே மிகப் பெரிய இலாபம்.

அடுத்த படியாக, 2014-இல் ஓய்வு நிலைகளின் தாமதத்தையும் குறைந்தபட்சத் தங்குநேரத்தையும் டிவைஸ் ட்ரீயில் எழுதும் முறை வகுக்கப்பட்டது. வன்பொருளை அணைக்கும் இறுதிக் கட்டளையும் பிஎஸ்சிஐ என்ற ஆர்ம் தரநிலையின் வழியே ஃபர்ம்வேரிடம் விடப்பட்டபோது, கெர்னலுக்குள் சில்லுக்குச் சில்லு வேறுபடுவது ஏறத்தாழ எதுவுமில்லாமல் போயிற்று. 64 பிட் ஆர்ம் சில்லுகளில் மிகப் பலவற்றுக்கு இன்று ஒரே ஓய்வு இயக்கி போதுமானதாக இருப்பது இதன் பயனே.

இந்தப் பகிர்வு ஒரு கட்டமைப்பின் எல்லையையும் கடந்தது. ரிஸ்க்-ஃபைவ் என்னும் திறந்த கட்டமைப்புக்கு ஓய்வு இயக்கி எழுதும் தேவை எழுந்தபோது, கோர்த் தொகுதிகளை ஒன்றுசேர்த்து அணைக்கும் நிரல் ஆர்ம் இயக்கிக்குள் ஏற்கெனவே இருந்தது. அதைப் படியெடுக்காமல், இரு கட்டமைப்புகளுக்கும் பொதுவான தனிக் கோப்பாக அனூப் படேல் பிரித்தெடுத்தார். 2022-இல் அது கெர்னலில் சேர்ந்தது. சென்னை ஐஐடியில் உருவாகும் சக்தி, திருவனந்தபுரம் சி-டாக்கில் உருவாகும் வேகா ஆகிய ரிஸ்க்-ஃபைவ் நுண்செயலிகளை நினைவிற்கொண்டால் இச்செயலின் பெறுமதி விளங்கும். பெரிய மென்பொருள் அணி இல்லாத ஒரு வடிவமைப்பாளர், பத்தாண்டுப் பரிசோதனையில் தேறிய நிரலைத் தன் சில்லுக்கு ஏற்றுக்கொள்ள வழி திறந்திருக்கிறது.

6. பகிர்வின் எல்லைகள்

எல்லா வேறுபாடுகளும் அட்டவணைக்குள் அடங்குவதில்லை. சிங்கப்பூரிலும் ஆய்வு மேம்பாட்டு அலுவலகம் வைத்திருக்கும் மீடியாடெக்கின் சில சில்லுகளில், கோருக்கு ஒன்றும் உள்நினைவகத்துக்கு ஒன்றுமாக இரண்டு மின்னழுத்தச் சீராக்கிகள் உள்ளன. அவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டக் கூடாது என்பதால், இரண்டையும் மாறிமாறிச் சிறு படிகளாக நகர்த்த வேண்டியிருக்கிறது. இது எண்ணின் வேறுபாடன்று, செயலின் வேறுபாடு. அதைப் பொது இயக்கிக்குள் திணித்தால், அந்தத் தேவை இல்லாத மற்றெல்லாச் சில்லுகளும் அந்தச் சிக்கலைச் சுமக்க நேரும். 2015-இல் சேர்ந்த மீடியாடெக் இயக்கி தனியாகவே நீடிப்பதில் நியாயம் உண்டு.

ஐபிஎம்மின் பவர் நுண்செயலிகள் இன்னொரு பாடம் தருகின்றன. மெய்நிகர்க் கணினிகளை ஆளும் ஹைப்பர்வைசரின் கீழ் கெர்னல் இயங்கும்போது, ஓய்வு என்பது கோரை ஹைப்பர்வைசரிடம் திருப்பிக் கொடுப்பது. வெறும் வன்பொருளின் மீது நேரடியாக இயங்கும்போது, கெர்னலே கோரை உறங்க வைக்கிறது. நுண்செயலி ஒன்றே ஆயினும் செய்ய வேண்டிய செயல் வேறு. கெர்னலில் இன்றும் இவற்றுக்கு இரண்டு தனித்தனி இயக்கிகள் உள்ளன. ஒரே நிறுவனத்தின் ஒரே சில்லுக்குள்ளேயே பிரிவு தேவைப்படலாம் என்றும், வெவ்வேறு கட்டமைப்புகளுக்கிடையே இணைப்பு இயலலாம் என்றும் முறையே காட்டும் பவர், ரிஸ்க்-ஃபைவ் நிகழ்வுகள் இரண்டையும் சேர்த்து நோக்கினால், பகிர்வின் எல்லை நிறுவனப் பெயராலோ கட்டமைப்பின் பெயராலோ அமைவதில்லை என்பது தெளிவு.

இன்டெல்லின் போக்கு வேறு வகையானது. 2013-இல் வந்த இன்டெல் பி-ஸ்டேட் இயக்கி, பொதுக் கவர்னர்களை ஒதுக்கிவிட்டு, எந்த வேகம் வேண்டும் என்பதைத் தானே தீர்மானித்தது. பின்னர் வந்த நுண்செயலிகளில் அந்தத் தீர்மானம் வன்பொருளுக்குள்ளேயே சென்றது. இயங்குதளத்தைவிட வன்பொருள் விரைந்து முடிவெடுக்கும் என்ற வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் 2016-இல் ரஃபேல் வைசாக்கி, வேலைகளைக் கோர்களுக்குப் பங்கிடும் பகுதியின் கணக்கையே நேரடியாகப் பயன்படுத்தும் ஸ்கெட்யூட்டில் என்னும் பொதுக் கவர்னரை உருவாக்கிய பிறகு, நிலைமை ஓரளவு மாறியது. 2020-இல், வன்பொருளே தீர்மானிக்கும் வசதி இல்லாத இன்டெல் நுண்செயலிகளுக்குப் பொதுக் கவர்னரோடு இயங்கும் முறையே இயல்பாக்கப்பட்டது. பொதுநிரல் போதுமான தரத்தை எட்டும்போது, விலகியவர்களும் திரும்பி வருவார்கள் என்பதற்கு இது சான்று.

பொதுநிரலுக்கே உரிய இடர்களையும் மறைக்கக் கூடாது. பலர் சார்ந்திருக்கும் நிரலில் நேரும் பிழை பலரையும் தாக்கும். திருத்தத்தை முன்மொழிபவரிடம் எல்லா வன்பொருளும் இருக்க இயலாது. 2019-இல் ஓய்வு நிலைகளைத் தேர்வதற்கு டிஇஓ என்ற புதிய கவர்னர் எழுதப்பட்டபோது, பழைய மெனு கவர்னர் அகற்றப்படாமல் அதன் அருகிலேயே புதியது வைக்கப்பட்டது. பழையதன் நடத்தையை நம்பி எண்ணற்ற கணினிகள் இயங்கும்போது அதை உள்ளிருந்தே திருத்தி எழுதுவது பொறுப்பற்ற செயலாகியிருக்கும். பொதுநிரலுக்கு நிதானம் தேவை. அந்த நிதானம் புதுமையைச் சற்றுத் தாமதப்படுத்துவதும் உண்மை.

7. மறையும் நிரல்

இதுவரை கண்ட வெற்றிகள் இரண்டு வழிகளால் கிட்டியவை: வேறுபாடு ஒன்றில் தரவாக்கப்பட்டது, அல்லது ஃபர்ம்வேருக்கு அனுப்பப்பட்டது. முதல் வழி எவ்விதக் குறையுமின்றி வரவேற்கத்தக்கது. டிவைஸ் ட்ரீயில் எழுதப்பட்ட எண்ணை எவரும் படிக்கலாம், சரிபார்க்கலாம், திருத்தலாம். இரண்டாம் வழி எச்சரிக்கையோடு அணுகத்தக்கது. பிஎஸ்சிஐ, ரிஸ்க்-ஃபைவுக்கான எஸ்பிஐ போன்ற தரநிலைகளின் மறுபக்கத்தில் இருக்கும் ஃபர்ம்வேர் திறந்த நிரலாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மூடிய ஃபர்ம்வேருக்குள் சென்ற நிரல் கெர்னலின் பொதுத் தணிக்கையிலிருந்து விலகிவிடுகிறது. அங்கு நேரும் பிழையைக் கருவியை வாங்கியவர் திருத்த முடிவதில்லை. கெர்னலில் நூறு வரி குறைந்ததைக் கொண்டாடும்போது, அந்த நூறு வரி இல்லாமற்போனதா, இடம் மாறியதா என்று கேட்பது நேர்மையான மதிப்பீட்டின் பகுதி.

கைப்பேசித் துறையில் எதிர்த்திசையிலும் ஒரு நகர்வு உண்டு. ஆண்ட்ராய்டு 12 முதல், புதிய கெர்னலுடன் வரும் கைப்பேசிகள் கூகுள் வெளியிடும் பொதுக் கெர்னலையே அடித்தளமாகக் கொள்ள வேண்டும் என்றும், சில்லுக்கு உரிய நிரல்கள் அதன் மீது ஏற்றப்படும் தனிக் கூறுகளாக இருக்க வேண்டும் என்றும் விதி வந்தது. கூறுகள் பொதுவில் பராமரிக்கப்படும் மூலக்கெர்னலில் சேராவிட்டாலும், அவை பேச வேண்டிய இடைமுகம் பொதுவானது என்ற ஒழுங்கு இதனால் நிலைபெறுகிறது.

8. சிங்கப்பூருக்கு இதன் பொருள்

தரவு நிலையங்களின் திறனை அளக்கப் பரவலாகப் பயன்படுவது பியுஇ என்ற விகிதம். நிலையம் முழுவதும் உண்ணும் மின்சாரத்தை, கணினிக் கருவிகள் மட்டும் உண்ணும் மின்சாரத்தால் வகுத்தால் அது கிடைக்கும். முழுச் சுமையில் இயங்கும்போது இதை 1.3 அல்லது அதற்கும் கீழே கொண்டுவருவது சிங்கப்பூரின் பத்தாண்டு இலக்கு. வெப்பமண்டலத் தட்பவெப்பத்தில் 26 பாகை செல்சியஸும் அதற்கு மேலும் கருவிகளை இயக்குவதற்கான தரநிலை 2023-இல் வெளியிடப்பட்டது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் கென்ட் ரிட்ஜ் வளாகத்தில் அதற்கான சோதனைக்களமும் அமைந்தது. குளிரூட்டலில் செலுத்தப்படும் இந்தக் கவனம் தேவையானதே. ஆயினும் விகிதம் 1.3 என்றாலே, மின்சாரத்தில் ஏறத்தாழ 77 விழுக்காடு கணினிக் கருவிகளுக்குச் செல்கிறது என்பது பொருள். அந்தப் பெரும்பகுதியைப் பியுஇ கேள்வி கேட்பதில்லை.

சொல்லப்போனால், அது தவறான திசையையும் காட்டக்கூடும். கருவிகள் 100 அலகும் மற்றவை 30 அலகும் உண்ணும் நிலையத்தில் விகிதம் 1.3. நல்ல ஓய்வு மேலாண்மையால் கருவிகளின் பயன்பாடு 90 அலகாகக் குறைந்து, குளிரூட்டல் அதே 30 அலகில் நின்றால், மொத்தம் 130-இலிருந்து 120-ஆகக் குறைகிறது, விகிதமோ 1.33-ஆக உயர்ந்து, நிலையம் பின்தங்கியதுபோல் தோன்றுகிறது. தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் 2024-ஆம் ஆண்டுத் திட்டவரைவு பசுமை மென்பொருளையும் கருவிகளின் திறனையும் சேர்த்துப் பேசியதும், 2025-இல் கருவிகளின் மின்திறனுக்கெனத் தனித் தரநிலை உருவானதும் இந்தக் குறையை உணர்ந்த நல்ல அடையாளங்கள்.

இவ்விடத்தில்தான் பொதுநிரலின் நேரடிப் பயன் வெளிப்படுகிறது. ஓய்வு மேலாண்மை சிபியுஐடில் என்ற ஒரே கட்டமைப்பின் வழியே நடப்பதால், ஒவ்வொரு கோரும் ஒவ்வோர் ஓய்வு நிலையிலும் எத்தனை முறை நுழைந்தது, மொத்தம் எவ்வளவு நேரம் தங்கியது என்னும் கணக்கைக் கெர்னல் ஒரே வடிவில், ஒரே பெயருள்ள கோப்புகளில் வெளிப்படுத்துகிறது. இன்டெல், ஏஎம்டி, ஆர்ம் என்று எந்தக் கணினியாயினும் தணிக்கையாளர் அதே இடத்தில் அதே வகைக் கணக்கைப் படிக்க முடியும். வெவ்வேறு நிறுவனங்களின் தனி நிரல்கள் தனித்தனி முறையில் அளந்திருந்தால், நகரமளாவிய ஒப்பீடு என்பதே இயலாது. விரைந்த மறுமொழிக்காக ஆழ்ந்த ஓய்வை முழுவதும் அணைத்துவைக்கும் வழக்கம் நிதித்துறை போன்ற சில பணிகளுக்குத் தேவைப்படலாம். அத்தேவை இல்லாத கணினிகளிலும் அதே அமைப்பு பழக்கத்தால் நீடிக்கிறதா என்று அறிய, இந்தக் கணக்கைவிட எளிய கருவி கிடையாது.

இதிலிருந்து மூன்று பரிந்துரைகள் பிறக்கின்றன. கருவிகளை வாங்கும் நிறுவனங்கள், அவற்றின் மின்மேலாண்மை நிரல் மூலக்கெர்னலில் சேர்ந்துள்ளதா என்பதையும், ஃபர்ம்வேர் எந்த அளவுக்குத் திறந்தது என்பதையும் ஒப்பந்தத்திலேயே கேட்க வேண்டும். தனி நிரலோடு வரும் கருவி, அதை வழங்கியவரின் ஆர்வம் தணிந்த நாளில் திருத்தமின்றி நின்றுவிடும். தரவு நிலையங்கள் பியுஇயோடு, ஓய்வு நிலைகளில் கழிந்த நேரத்தையும் அறிக்கையில் சேர்க்க வேண்டும். மூன்றாவதாக, பல்கலைக்கழகங்களும் பல்துறைத் தொழிற்கல்லூரிகளும் கெர்னலின் இப்பகுதியில் மாணவர்களைப் பயிற்ற வேண்டும். நுண்செயலியை வடிவமைக்கப் பெருமுதல் வேண்டும். எல்லா நுண்செயலிகளுக்கும் பொதுவான நிரலைச் சோதித்துத் திருத்த, பல வகைக் கணினிகள் ஓரிடத்தில் இருப்பதே முதன்மைத் தேவை. அந்த வளம் சிங்கப்பூரில் மிகுதியாக உண்டு.

9. முடிவுரை

இருபது ஆண்டு அனுபவம் சில தெளிவான முடிவுகளைத் தருகிறது. வேறுபாடு எண்களில் மட்டும் இருக்கும் இடத்தில், எண்களைத் தரவாகப் பிரித்துச் செயலைப் பொதுவாக்குவது எப்போதும் பயன் தந்திருக்கிறது. வேறுபாடு செயலிலேயே இருக்கும் இடத்தில், கட்டாய இணைப்பைக் காட்டிலும் தெளிவான தனி இயக்கி மேலானது. எது எண், எது செயல் என்பது முதல் இயக்கியை எழுதும்போது தெரிவதில்லை. பல இயக்கிகள் அருகருகே வைக்கப்பட்ட பிறகே தெரியவருகிறது என்பதால், எல்லா இயக்கிகளும் திறந்த நிலையில் ஓரிடத்தில் இருப்பதே பகிர்வுக்கு முதல் நிபந்தனை. ஃபர்ம்வேருக்குள் மறையும் நிரல் அந்த நிபந்தனையை மீறுகிறது. அதற்கு ஈடாகத் திறந்த ஃபர்ம்வேரைக் கோருவது பயனரின் உரிமை.

நுண்செயலியை உருவாக்குவோர் சிலர். அதன் மின்கட்டணத்தையும் வெப்பத்தையும் கரிமச் சுமையையும் ஏற்போர் கோடிக்கணக்கானோர். பொதுநிரல் அந்தப் பலருக்கும் தங்கள் கணினி எப்போது, எவ்வளவு ஆழமாக ஓய்வெடுக்கிறது என்று அறியவும், தவறிருந்தால் திருத்தவும் வழி தருகிறது. மின்சாரத்தை மெகாவாட் கணக்கில் பங்கிட்டுத் தரும் ஒரு நகரம் தன் சாலைகளையும் குழாய்களையும் பேணுவதுபோலவே இந்த நிரலையும் பொதுச் சொத்தாகக் கருதி, அதன் பராமரிப்பில் தன் பொறியாளர்களின் உழைப்பை முறையாகச் செலுத்துவது தகும்.